இரண்டு கிராம் குறைவு

7

தராசுக் கடைக்குள் நுழைந்ததும் ரேடியோ செய்த முதல் காரியம், தரையோடு தரையாகப் பதித்திருந்த எடை மேடையில் ஏறி நின்றதுதான். சுவரிலிருந்த வட்டத்தில் முள் சுற்றி வந்து எண்பத்தொன்றில் நின்றது.

"அத்தான், இந்தக் கடை பொய் சொல்லுது. கேஸ் முடிஞ்சுது, வாங்க போகலாம்."

பத்திரம் சிரிக்கவில்லை. அவர் சிரிக்க வேண்டுமென்று ரேடியோ எதிர்பார்க்கவும் இல்லை. பதிவு அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் அடுத்தவர்களின் பத்திரங்களைப் படித்துப் படித்து, அதிலிருந்த பொய்களின் மேல் ஆசை வந்து, வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். அதனால்தான் அந்தப் பெயர். ரேடியோ அவருடைய மனைவியின் தம்பி. நாற்பது வயது. அவன் வாய் ஐந்து நிமிடம் மூடியிருந்தால் வீட்டில் தொட்டுப் பார்த்து மாத்திரை கொடுப்பார்கள்.

கடைக்காரர் மேசைக்குப் பின்னால் எழுந்து நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுப்புக் கயிற்றில் கண்ணாடி தொங்கியது. அவருக்குப் பின்னால் ஜன்னலோரத்தில் நீண்ட வேலை மேசை. அதில் குனிந்து, பிரித்துப் போட்ட ஒரு தராசின் உள்ளே தூரிகையால் தூசு தட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய தம்பி. வந்தவர்களைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். கடை முழுக்கத் தராசுகள்; நகைக் கடைக்கானவை, மருந்துக் கடைக்கானவை, மூட்டை எடை போடுபவை. எல்லாம் ஓசையில்லாமல் பூஜ்யத்தில் நின்றன.

கடைக்காரர் சொன்ன கதை சிக்கலானது அல்ல. இந்த இடத்துக்கு அவர் வந்து பதினெட்டு வருடம். ஒன்பது வருடத்துக்கு ஒரு குத்தகை, அது முடிந்ததும் இன்னொரு ஒன்பது வருடம். இரண்டும் முறையாகப் பதிவானவை. பத்திரத்தின் பன்னிரண்டாம் பிரிவில் ஒரு நிபந்தனை இருந்தது. புதுப்பிக்க விரும்பினால், காலம் முடிவதற்கு மூன்று மாதம் முன்பாக, எழுத்து மூலமாக, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் கட்டட உரிமையாளரான அம்மாவுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால் அந்தம்மா மறுபடி ஒன்பது வருடத்துக்கு எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் உரிமை போயிற்று. கெடு போன மாதமே முடிந்துவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே இவர் கடிதம் அனுப்பிவிட்டார். அட்டையும் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கெடு முடிந்த மறுவாரம் அந்தம்மாவிடமிருந்து நாலு வரிப் பதில்: தங்கள் உறைக்குள் மூன்று வெள்ளைத்தாள்கள் மட்டுமே இருந்தன, இடத்தை வேறொருவருக்கு விட்டாயிற்று.

"ரத்தப் பரிசோதனை நிலையமாம். பத்திரத்துல கையெழுத்துப் போட்டாச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பதிவு," என்றார் கடைக்காரர். "பதிவாயிடுச்சுன்னா நான் என்ன கத்தினாலும் அவங்க பத்திரம்தான் பேசும். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ஏதாவது கையில இருந்தா தடை வாங்கலாம்னு வக்கீல் சொல்றார். அந்தம்மா கடிதத்தை எடுத்துட்டு வெத்துத்தாளை வெச்சுட்டாங்க. அதை நிரூபிச்சுக் குடுங்க, போதும்."

பத்திரம் தபால் ரசீதைக் கேட்டார். கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். தேதி, நேரம், பெறுநர் பெயர், எடை இருபது கிராம். வெகுநேரம் அதையே பார்த்தார். ரேடியோ அதற்குள் மேசையிலிருந்த ஒரு சின்னத் தராசில் தன் மோதிரத்தைக் கழற்றி வைத்து, மாமனார் தன்னை எவ்வளவு ஏமாற்றியிருக்கிறார் என்று கணக்குப் பார்க்க ஆரம்பித்திருந்தான்.

"நீங்க கடிதத்தை எடை போட்டீங்களா?" என்றார் பத்திரம்.

கடைக்காரர் முகத்தில் அன்று முதல்முறையாகப் பெருமை வந்தது. இந்தக் கடையிலிருந்து எடை போடாமல் ஒரு தாள் வெளியே போகாது என்றார். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவது, தராசில் வைப்பது, எடையை உறையின் இடது கீழ் மூலையில் பென்சிலால் எழுதுவது, பிறகு அதையே தபால் நோட்டிலும் ஏற்றுவது, எல்லாம் அவர் கையால். முகவரி எழுதுவதும் தபாலில் சேர்ப்பதும் தம்பி. தம்பிக்குக் கையெழுத்து அழகு. நோட்டைத் திருப்பிக் காட்டினார். அந்தத் தேதியில் அவர் எழுத்தில் இருந்தது: 22.10.

"ரசீதுல இருபதுதான் இருக்கு."

"பார்த்தேன். அன்னைக்கே பார்த்தேன். அந்தத் தபால் ஆபீஸ் தராசு சரியில்ல. ரெண்டு கிராம் முழுங்குது. எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

வேலை மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. தம்பி நிமிரவில்லை.

"அது சரியாத்தான் இருக்கும் அண்ணா."

"உனக்குத் தெரியாது," என்றார் அண்ணன்.

பத்திரம் கடைக்காரரிடம் இருபது கிராம் எடைக்கல் ஒன்று இரவல் கேட்டார், முத்திரை போட்டது. தம்பிதான் எழுந்து எடுத்து வந்தார். வெல்வெட் பதித்த சின்னப் பெட்டியைத் திறந்து, இடுக்கியையும் கூடவே கொடுத்தார். கையால தொடாதீங்க, வேர்வை ஒட்டினா எடை கூடிடும் என்றார். பத்திரம் வாங்கிக்கொண்ட பிறகும் பெட்டியை நீட்டிய கை ஒரு நொடி அங்கேயே நின்றது.

கட்டட உரிமையாளர் அம்மா இரண்டு தெரு தள்ளி மூன்றாவது மாடியில் தனியாக இருந்தார். கதவைச் சங்கிலியோடு திறந்து, அவர்கள் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, மறுபடி சாத்தி, சங்கிலியைக் கழற்றித் திறப்பதற்குள் ரேடியோ மூன்று மாடிக்கான மூச்சை வாங்கி முடித்திருந்தான்.

அவர் சண்டைக்காரராக இல்லை. பத்திரத்துக்கு அது முதல் ஏமாற்றம். பதினெட்டு வருடத்தில் அந்த மனிதர் ஒருநாள் வாடகை தாமதித்ததில்லை என்று அவரே சொன்னார். கடை திறந்த புதிதில் தன் சமையலறைத் தராசை இலவசமாகச் சரிசெய்து கொடுத்ததைச் சொன்னார். கடிதம் வரும் வரும் என்று காத்திருந்ததாகவும், புதிதாகக் கேட்டு வந்தவர்களை இரண்டு முறை திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார்.

"கவர் வந்ததும் சந்தோஷமாத்தான் பிரிச்சேன். உள்ள ஒண்ணுமில்ல. போறேன்னு ஒரு வரி எழுதக்கூட நான் தகுதியில்லையான்னு இருந்துச்சு. கெடு முடியற வரைக்கும் பொறுத்தேன், வந்து ஏதாவது சொல்வாருன்னு. அவர் வரல."

"மனசுல உள்ளதை அப்படியே எழுதி அனுப்பியிருக்காருன்னு நினைச்சுட்டீங்க," என்றான் ரேடியோ. அம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் சுவரிலிருந்த நாட்காட்டியைப் படிக்கத் தொடங்கினான்.

உறையை எடுத்து வந்தார். கத்தியால் நேர்த்தியாகக் கிழித்திருந்தது. உள்ளே மூன்று மெல்லிய வெள்ளைத்தாள்கள். பத்திரம் தாள்களைத் தொடவில்லை. உறையைத் திருப்பி, இடது கீழ் மூலையைப் பார்த்தார். பென்சிலில், சின்னதாக, ஓர் எண் இருந்தது.

அதைப் பார்த்தபடி அவர் அமர்ந்திருந்த நேரத்தில் அம்மா இரண்டு முறை தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். இரண்டு முறையும் ரேடியோதான் வாங்கிக் குடித்தான்.

மாலைவரை உறையை இரவல் தர முடியுமா என்று பத்திரம் கேட்டார். நாளை பதிவுக்குப் போகிற வேளையில் இதை எதற்காகத் தர வேண்டும் என்று அந்தம்மா கேட்டது நியாயம்தான். பத்திரம் ஒரு தாள் வாங்கி எழுதினார்: ஓர் உறை, மூன்று வெள்ளைத்தாள்கள், பெற்ற நிலையிலேயே, ஒரு கோடும் கூட்டாமல் குறைக்காமல், இன்று மாலை ஆறு மணிக்குள் திருப்பித் தரப்படும். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு உறையைக் கொடுத்தார்.

படியிறங்கும்போது ரேடியோ தன் தீர்ப்பைச் சொல்லிக்கொண்டே வந்தான். அந்தம்மா நடிக்கிறார், சமையலறைத் தராசுக் கதை தேவைக்கு அதிகம், பொய் சொல்கிறவர்கள்தான் சின்னச் சின்ன விவரம் சேர்ப்பார்கள். வண்டியில் ஏறியதும் பத்திரம் சொன்னது இவ்வளவுதான்: தபால் ஆபீஸ்.

தபால் அலுவலகத்தில் இரண்டாம் ஜன்னலில் இருந்த பெண், பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுக்கப்பட்ட பித்தளைக் கல்லைப் பார்த்துவிட்டு, இது யாருக்குப் போக வேண்டும் என்று கேட்டாள்.

"யாருக்கும் இல்லம்மா," என்றான் ரேடியோ. "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கு, கொஞ்சம் ஊர் சுத்திக் காட்டலாம்னு கூட்டிட்டு வந்தோம்."

வரிசையில் பின்னால் யாரோ சிரித்தார்கள். கல்லை ஒருமுறை எடை போட்டுப் பார்க்கலாமா என்று பத்திரம் தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டைக் காட்டினாள். கல்லை வைக்கும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, ஒரு கருவி தப்பாக இருக்க வேண்டும் என்று பத்திரம் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டார். பதினெட்டு என்று காட்டட்டும். பத்தொன்பது என்றாவது காட்டட்டும்.

இருபது என்று காட்டியது. எடுத்து மறுபடி வைத்தார். இருபது.

"எங்க தராசை யாராச்சும் குறை சொன்னாங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்ல. நல்ல தராசு," என்றார் பத்திரம். அன்று காலையிலிருந்து அவர் பேசியதிலேயே வருத்தமான வாக்கியம் அதுதான் என்று ரேடியோவுக்குத் தோன்றியது. ஏன் என்று மட்டும் புரியவில்லை.

வெளியே வந்து வண்டியருகில் நின்றார்கள். நேரம் நான்கைத் தாண்டியிருந்தது.

"அத்தான், தராசு சரின்னா நமக்கு என்ன நஷ்டம்? கடைக்காரர் கோபத்துல சொல்லியிருப்பாரு."

"அவருக்குக் கோபம் வந்திருக்கவே கூடாது. ரசீதைப் பார்த்த அன்னைக்கே அவருக்குப் பயம் வந்திருக்கணும்," என்றார் பத்திரம். பிறகு உறையை அவனிடம் நீட்டி மூலையைக் காட்டினார்.

ரேடியோ படித்தான். உதட்டை அசைத்து இன்னொரு முறை படித்தான். பிறகு வண்டியைக் கடைப் பக்கம் திருப்பினான்.

கடையில் அண்ணனும் தம்பியும் மதியம் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். வக்கீல் இரண்டு முறை தொலைபேசியில் கேட்டுவிட்டாராம், மனுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம், அதை நிரப்பினால் போதுமாம்.

பத்திரம் தபால் நோட்டை அந்தத் தேதிக்கு விரித்து மேசையில் வைத்தார். அதன் பக்கத்தில் தபால் ரசீது. அதன் பக்கத்தில் உறை, முகவரி மேலே தெரிய. கடைசியாக எடைக்கல் பெட்டியைத் திறந்து வைத்து, தபால் ஆபீஸ் தராசில் இது சரியாக இருபது காட்டியது என்று மட்டும் சொன்னார்.

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். நோட்டு, 22.10. ரசீது, 20. உறையின் மூலை, 19.85.

தராசோடு வாழ்ந்தவருக்கு மூன்று எண்கள் போதுமானதாக இருந்தன. அவர் முகத்தில் அது மெதுவாக ஏறுவதைப் பத்திரம் பார்த்தார். இந்தத் தொழிலில் அவருக்குப் பிடிக்காத நேரம் இதுதான். அடுத்தவர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும்வரை காத்திருப்பது.

"இது நான் ஒட்டின கவர் இல்ல," என்றார் கடைக்காரர் கடைசியில். "நான் எழுதினது இருபத்திரண்டு பத்து. அந்தம்மா உள்ள இருந்ததை மாத்தியிருந்தா வெளியில என் எண்ணு அப்படியே இருக்கணும். இது வேற கவர். தபால் ஆபீசுக்குப் போகும்போதே இருபதுதான் இருந்திருக்கு."

பத்திரம் தலையசைத்தார்.

"எடையைப் பென்சில்ல மூலையில எழுதற பழக்கம் இந்த ஊர்ல ரெண்டு பேருக்குத்தான்," என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் திரும்பினார்.

தம்பி தூரிகையைக் கீழே வைத்திருந்தார்.

"இது உன் எழுத்தா?"

"ஆமா அண்ணா."

மறுப்பு வரும், கத்தல் வரும் என்று ரேடியோ சுவரோரமாக நகர்ந்திருந்தான். எதுவும் வரவில்லை.

"வெத்துத்தாளுக்கு எதுக்குடா எடை?"

"ஒட்டினதும் கை தானாத் தராசுக்குப் போயிடுச்சு."

"அப்ப இருபத்திரண்டு பத்துன்னு எழுதியிருக்கலாமே. நோட்டுல அதானே இருக்கு. எவனுக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"எழுதப் பார்த்தேன். இல்லாத எடையை எழுதக் கை வரல."

கடைக்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தம்பி வேலை மேசையின் கடைசி இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஒரு கிழிந்த உறையை எடுத்து வந்து அண்ணன் முன் வைத்தார். அசல் கடிதம். அதைக் கிழித்துப் போடவும் அவருக்குக் கை வரவில்லை போலிருக்கிறது. உறையின் மூலையில் 22.10 என்று அண்ணனின் எழுத்து. உள்ளே வக்கீல் தயாரித்த தடித்த தாள்கள் இரண்டும் இடத்தின் வரைபடமும்.

அதன்பிறகு தம்பி பேசியது அதிகமில்லை. ஒன்பது வருடம் முன்பு முதல்முறை புதுப்பித்தபோது பத்திரத்தில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருந்தார். நீயும் நானும் வேற வேறயா, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார் அண்ணன். இந்த வருடம் வக்கீலிடம் போய்வந்த அன்று, உன் விஷயமும் சொல்லிட்டேன் என்றாராம். கடிதத்தை ஒட்டி எடை போட்டுத் தம்பி கையில் கொடுத்தபோது அதைப் படிக்கத் தரவில்லை. தம்பியும் கேட்கவில்லை.

"எம் பேர் இருக்கும்னு நினைச்சேன். ஒரு தடவை பார்த்துட்டு மறுபடி ஒட்டிடலாம்னுதான் பிரிச்சேன்," என்றார்.

கடைக்காரர் கடிதத்தை விரித்தார். அவரே சொல்லி எழுத வைத்த கடிதம்தான். ஆனாலும் யாரோ எழுதியதைப் படிப்பதுபோல் விரலை வரியின்மேல் வைத்துப் படித்தார். விரல் இரண்டாம் பக்கத்தில் ஓரிடத்தில் நின்றது. புதுப்பிக்கப்படும் குத்தகை மேற்படி குத்தகையாளர் பெயரிலும், அவருக்குப் பின் அவருடைய மகன் பெயரிலும்.

"உன்னை வெளியே போன்னா சொல்லப்போறேன்? நம்ம கடைடா இது."

"நம்ம கடைன்னா ஏன் ஒரு பேர்தான் இருக்கு?" தம்பியின் குரல் உயரவில்லை. "உன் மகனைத் தப்பு சொல்லல. அவன் நல்ல பையன். ஆனா இந்தக் கடைக்குள்ள அவன் கடைசியா எப்ப வந்தான்னு சொல்லு. நான் பதினெட்டு வருஷமா எல்லாத் தராசும் பூஜ்யத்துல நிக்கறதைப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போறேன். நாளைக்கு அவனா பார்த்து இருக்கச் சொன்னா இருக்கணும், போகச் சொன்னாப் போகணும். அதான் யாருக்கும் இல்லாமப் போகட்டும்னு வெத்துத்தாளை வெச்சேன். மறுநாளே சொல்லிடலாம்னு நினைச்சேன். கெடுவுக்கு இன்னும் ஆறு நாள் இருந்துச்சு. நீ ரசீதைப் பார்த்துட்டுத் தபால் ஆபீசைத் திட்டின. அப்ப வாய் வரைக்கும் வந்துச்சு."

"சொல்லியிருக்கலாமே."

"நீயும் சொல்லியிருக்கலாம்."

தொலைபேசி அடித்தது. நான்கு ஐம்பது. மூன்றாவது மணியில் கடைக்காரர் அதன்மேல் கை வைத்தார், எடுக்கவில்லை. பத்திரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த கேள்வி ரேடியோவுக்குக்கூடப் புரிந்தது. இந்த அறையில் நாலு பேர். மூலையில் ஒரு பென்சில் எண். அழிக்க ஒரு நிமிடம் ஆகாது. அழித்துவிட்டால் உறை வெறும் உறை, மாற்றியது அந்தம்மா என்று சத்தியம் செய்யலாம், நாளைப் பதிவு நிற்கும், கடை நிற்கும்.

"அந்தம்மா என் கையெழுத்தை நம்பிக் குடுத்தாங்க," என்றார் பத்திரம். "எப்படி வாங்கினேனோ அப்படியே ஆறு மணிக்குக் குடுத்திடுவேன். மனுவில நீங்க என்ன எழுதறீங்கங்கறது உங்க இஷ்டம்."

மணி நின்று, மறுபடி அடிக்க ஆரம்பித்தது. கடைக்காரர் உறையைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் அந்த எண்ணின் அருகே வந்து, மேலே படாமல் நின்றது. கடையில் தராசுகள் எல்லாம் பூஜ்யத்தில் நின்றன.

பிறகு தொலைபேசியை எடுத்தார். "மனு வேண்டாம் சார். தப்பு எங்க பக்கம்தான்," என்றார். மறுமுனை ஏதோ கேட்டது. "இல்ல, தபால்ல தப்பில்ல," என்று சொல்லி வைத்துவிட்டார்.

தம்பி அழுதுகொண்டிருந்தார். அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்தார்.

"நீ அந்த எடையை மட்டும் எழுதாம விட்டிருந்தா, சாகற வரைக்கும் நான் தபால் ஆபீசைத்தான் திட்டிட்டு இருந்திருப்பேன்," என்றார்.

அந்தம்மாவின் உறையையும் மூன்று தாள்களையும் ஒரு பெரிய உறைக்குள் வைத்தார். ஒரு நிமிடம் யோசித்து, தம்பி கொண்டுவந்த அசல் கடிதத்தையும் அதோடு சேர்த்து வைத்தார். அவங்களுக்கு வந்து சேர வேண்டியது, தாமதமா வந்ததுன்னு சொல்லுங்க, வேற ஒண்ணும் கேட்க வேண்டாம் என்றார். பசை தடவி ஒட்டினார்.

ஒட்டும் சத்தம் கேட்டதும் தம்பியின் கை, அவரை அறியாமலே, சின்னத் தராசை மேசையின் நடுவுக்குத் தள்ளியது. பென்சிலையும் எடுத்து வைத்தது.

கடைக்காரர் தராசைச் சுற்றிக் கையைக் கொண்டுபோய், உறையை எடை போடாமல் பத்திரத்திடம் கொடுத்தார்.

வெளியே வந்து வண்டியைக் கிளப்பி இரண்டு தெரு போகும்வரை ரேடியோ பேசவில்லை. பத்திரம் திரும்பி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.